சராசரிக்குள் தொலைந்த முப்பது பேர்

என்னுடைய பழைய வன்தட்டில் ‘இறுதி’ என்று பெயரிட்ட ஒரு கோப்பு இருக்கிறது. அதில் மொத்தம் 12 வரிகள். ஒவ்வொரு வரியிலும் இரண்டே எண்கள்: பயிற்சியின் எத்தனையாவது சுற்று என்பது ஒன்று, அந்தச் சுற்றில் 30 மாணவர்கள் ஒரு கேள்விக்கு எடுத்துக்கொண்ட சராசரி நேரம், மில்லிநொடியில், மற்றொன்று. ஆய்வு மாணவியாக இருந்த காலத்தில், இரண்டு மாதம், காலையில் நானே ஆய்வுக்கூடத்தைத் திறந்து மாலையில் நானே பூட்டிச் சேகரித்த தரவில் மிஞ்சியது அந்த 12 வரிகள்தாம். மற்றவற்றை நானே அழித்தேன். மனித மனம் வேலை செய்யும் விதத்தைக் கணினி மாதிரியாக எழுதுகிறவர்கள் எந்தத் தரவைச் சேகரிக்க வேண்டும், எதனோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகு தங்கள் மாதிரியை நம்ப வேண்டும் என்ற கேள்வி என்னை விடாமல் பிடித்துக்கொண்டது அந்த அழிப்புக்குப் பிறகுதான்.

சோதனை எளிமையானது. திரையில் ‘ச + 2 = ட’ என்று தோன்றும். க, ங, ச, ஞ என்று செல்லும் வரிசையில் சகரத்திலிருந்து இரண்டு எழுத்து தள்ளி வருவது டகரம்தானா என்று பார்த்து, சரி என்றால் ஒரு விசையையும் தவறு என்றால் இன்னொரு விசையையும் அழுத்த வேண்டும். உளவியலாளர் கார்டன் லோகன் 1988-ல் வெளியிட்ட கோட்பாட்டை ஒட்டிப் பரவலான ஆங்கில எழுத்துக் கணக்கை நான் தமிழ் வரிசைக்கு மாற்றிக்கொண்டேன். முதல் நாளில் மாணவர்கள் உதடு அசைய எண்ணுவார்கள். பத்தாவது நாளில் அதே மாணவர்கள் கேள்வி தோன்றிய கணத்தில் விசையை அழுத்துவார்கள். இடையில் என்ன நடக்கிறது என்பதுதான் கேள்வி.

இதற்கு இரண்டு விடைகள் சொல்லலாம். இரண்டையும் கணினி நிரலாக எழுதலாம். எண்ணுகிற வேலையே நாளுக்கு நாள் வேகமாகிறது என்பது முதலாவது. எண்ணுகிற வேகம் ஏறக்குறைய அப்படியேதான் இருக்கிறது, ஆனால் ‘ச + 2’ என்பதன் விடை ஒரு கட்டத்தில் நினைவில் ஊன்றிவிடுகிறது, அதற்குப் பிறகு எண்ண வேண்டிய தேவையே இல்லை என்பது இரண்டாவது. லோகனின் கோட்பாடு இரண்டாவதன் பக்கம் நிற்பது: ஒவ்வொரு முறை விடை காணும்போதும் ஒரு நினைவுத்தடம் சேர்கிறது, எண்ணுதலும் நினைவுத்தடங்களும் ஒன்றோடொன்று போட்டியிட்டு ஓடுகின்றன, எது முதலில் வந்து சேர்கிறதோ அதுவே விடையாகிறது. முதல் மாதிரியில் மனம் தன் கருவியைத் தீட்டிக்கொண்டே போகிறது. இரண்டாவதில் கருவியையே கீழே வைத்துவிடுகிறது. மனத்தைப் பற்றிய முற்றிலும் வேறான இரு கூற்றுகள் இவை.

என் 12 வரிகளை வரைபடமாக்கினால், தொடக்கத்தில் செங்குத்தாக இறங்கிப் பிறகு மெல்லப் படுத்துக்கொள்ளும் அழகான வளைவு கிடைக்கிறது. இரண்டு மாதிரிகளும் அந்த வளைவைத் துல்லியமாகத் தருகின்றன. எது உண்மை என்று அந்தக் கோப்பைக் கேட்க முடியாது.

ஏன் கேட்க முடியாது என்பதை ஒரு சிறு கணக்கில் காட்டுகிறேன். இது விளக்கத்துக்காக நான் அமைத்தது. ஒருவர் 1600 மில்லிநொடியில் தொடங்கி ஒவ்வொரு சுற்றிலும் தம் நேரத்தைப் பாதியாக்குகிறார்: 1600, 800, 400, 200, 100. இன்னொருவர் அதே 1600-ல் தொடங்கி ஒவ்வொரு சுற்றிலும் பத்தில் ஒரு பங்கைக் குறைக்கிறார்: 1600, 1440, 1296, 1166, 1050. இருவரும் தத்தமக்குரிய மாறாத விகிதத்தில்தான் முன்னேறுகிறார்கள். இப்போது சராசரி எடுத்தால் 1600, 1120, 848, 683, 575 என்று வரும். முதல் இறக்கம் 30 விழுக்காடு, அடுத்தது 24, அதற்கடுத்தது 19, பிறகு 16. முன்னேற்றத்தின் விகிதமே போகப் போகத் தேய்வதாக இந்தச் சராசரி சொல்கிறது. அப்படித் தேய்ந்தவர் இருவரில் ஒருவரும் இல்லை. வேகமானவர் தம் இறக்கத்தை முதலிலேயே முடித்துவிடுவதால், பிற்பகுதியில் சராசரியை நடத்திச் செல்வது மெதுவானவர் மட்டுமே என்பதுதான் இதன் காரணம். தனித்தனியே ஒவ்வொருவரும் வெவ்வேறு நாளில் சட்டென்று தாவினாலும் இதே கதைதான்: தாவல்களை அடுக்கிச் சராசரி எடுத்தால் படிகள் மறைந்து சரிவு தோன்றும்.

இந்தச் சரிவு அறிவாற்றல் அறிவியலின் வரலாற்றில் பெரிய இடத்தைப் பிடித்திருந்தது. கண்ணாடியைப் பார்த்து வரைதல் தொடங்கிச் சுருட்டு செய்யும் தொழிலாளர்களின் கைவேகம் வரை, பயிற்சி பெறும் எந்த வேலையிலும் நேரம் ஓர் ‘அடுக்கு விதி’ப்படி, அதாவது முன்னேற்றத்தின் விகிதமே போகப் போகத் தேயும் வகையில், குறைகிறது என்று ஆலன் நியூவெலும் பால் ரோசன்புளூமும் 1981-ல் தொகுத்துக் காட்டினார்கள். அதற்குப் பிறகு, திறன் கற்றலைப் பற்றிய எந்தக் கணினி மாதிரியானாலும் அந்த வளைவைத் தந்தாக வேண்டும் என்பது நுழைவுத் தேர்வு போலாகிவிட்டது. லோகனின் கோட்பாடும் அந்தத் தேர்வில் தேறியது என்பதைத் தன் வலிமைகளுள் ஒன்றாகச் சொல்லிக்கொண்டது. 2000-ல் ஆண்ட்ரூ ஹீத்கோட், ஸ்காட் பிரவுன், மியூஹார்ட் ஆகிய மூவரும் 24 சோதனைகளைச் சேர்ந்த 475 பேரின் 7,910 கற்றல் தொடர்களைத் தனித்தனியே எடுத்துப் பார்த்தார்கள். சராசரியாக்காத தரவுத் தொகுப்புகள் அத்தனையிலும் அடுக்கு விதியைவிட மாறாத விகிதத்தில் இறங்கும் வளைவே நன்றாகப் பொருந்தியது. குழுவின் வளைவிலிருந்து தனி மனிதரைப் பற்றி முடிவுகட்டக் கூடாது என்று வில்லியம் எஸ்டெஸ் 1956-லேயே எழுதியிருந்தார். எச்சரிக்கை வந்து 44 ஆண்டுகள் கழித்துத்தான் கணக்கு நேர் செய்யப்பட்டது. அதுவும் எதனால் முடிந்தது? அந்த 24 சோதனைகளின் மூலத்தரவு, ஒவ்வொருவரின் ஒவ்வொரு விடையும், அழியாமல் கிடைத்ததால் முடிந்தது. அந்தக் கட்டுரையைப் படித்த இரவில்தான் என் கோப்பைத் திறந்து பார்த்தேன். என்னிடம் தொடர்கள் இல்லை. முப்பது பேரும் அந்த 12 எண்களுக்குள் கரைந்துபோயிருந்தார்கள்.

அழித்த காரணத்தையும் சொல்லிவிட வேண்டும். பொதுக் கணினியில் இடம் குறைவு. மூலக்கோப்புகள் ஆயிரக்கணக்கான வரிகள் கொண்டவை. சராசரி எடுத்த பிறகு அவை உமி என்று நான் உண்மையாகவே நம்பினேன். ஆளுக்கு ஆள், முறைக்கு முறை வரும் வேறுபாடுகளைப் புள்ளியியல் பாடத்தில் இரைச்சல் என்று சொல்லித் தந்தார்கள். இரைச்சலை நீக்கினால் மனத்தின் குரல் தெளிவாகக் கேட்கும் என்று நினைத்தேன்.

சராசரி மறைப்பது தனி மனிதர்களை மட்டுமல்ல. பள்ளியில் இந்த வரிசையை நாம் ஒற்றை ஒற்றையாகப் படிப்பதில்லை. கங, சஞ, டண, தந, பம, யர, லவ, ழள, றன என்று இரண்டிரண்டாக, ஒரு தாளத்தில் படிக்கிறோம். என் மாணவர்களும் அப்படித்தான் எண்ணினார்கள். ‘ச + 2’ அவர்களுக்கு ஒரே தாவல். ஓர் இணையிலிருந்து அடுத்த இணைக்குச் சென்றால் போதும். ‘ஞ + 3’ வரும்போது பலர் ஞகரத்தில் தொடங்கவே இல்லை. ஒரு படி பின்னால் போய்ச் சகரத்தில் ஊன்றி, ‘சஞ, டண’ என்று வேகம் பிடித்து, அதற்குப் பிறகே தகரத்துக்கு வந்தார்கள். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து அவர்கள் உதடுகளைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு இது தெரியும். என் கோப்புக்குத் தெரியாது. ஆங்கில வரிசையில் இல்லாத இந்த இணைத்தாளம் எண்ணும் நேரத்தில் எங்கே நீள்கிறது, எங்கே சுருங்குகிறது என்று பார்த்திருந்தால், மாணவர் எண்ணுகிறாரா நினைவிலிருந்து எடுக்கிறாரா என்பதைக் கண்டுபிடிக்க அதுவே கைவிளக்காக இருந்திருக்கும்: எண்ணும் வரை ‘ச’வுக்கும் ‘ஞ’வுக்கும் வேறுபாடு தெரியும், நினைவுக்கு மாறிய நாளில் அந்த வேறுபாடு மறைந்துவிட வேண்டும்.

ஒரே வளைவை இரு மாதிரிகள் தருவது என் சோதனைக்கு மட்டும் நேர்ந்த விபத்து அல்ல. 1966-ல் சால் ஸ்டெர்ன்பெர்க் செய்த சோதனை எல்லாப் பாடநூல்களிலும் இருப்பது. ஒன்று முதல் ஆறு எண்களை மனத்தில் வைத்துக்கொள்ளச் சொல்லி, பிறகு ஓர் எண்ணைக் காட்டி, அது அந்தப் பட்டியலில் உண்டா என்று கேட்டார். பட்டியலில் ஓர் எண் கூடினால் விடை சொல்லும் நேரம் ஏறக்குறைய 38 மில்லிநொடி கூடியது. ‘உண்டு’ என்ற விடைக்கும் ‘இல்லை’ என்ற விடைக்கும் இந்த ஏற்றம் ஒன்றாகவே இருந்தது. இதிலிருந்து, மனம் எண்களை ஒவ்வொன்றாகப் பார்க்கிறது, தேடியது கிடைத்த பிறகும் நிறுத்தாமல் கடைசி வரை பார்த்து முடிக்கிறது என்று அவர் முடிவுக்கு வந்தார். கேட்டவுடன் நம்பத் தூண்டும் முடிவு. ஆனால் எல்லா எண்களையும் ஒரே நேரத்தில் பார்க்கும், எண்கள் கூடக் கூட ஒவ்வொன்றுக்கும் கிடைக்கும் கவனம் குறையும் மாதிரியும் இதே நேர்கோட்டைத் தரும் என்று ஜேம்ஸ் டவுன்செண்ட் 1970-களில் கணித வழியில் காட்டினார். சராசரி நேரத்தை மட்டும் வைத்துக்கொண்டு இந்த வழக்கைத் தீர்க்க வழி இல்லை. நேரங்களின் முழுப் பரவல், தவறான விடைகள், அந்தத் தவறுகள் எவ்வளவு வேகமாக வந்தன என்பன எல்லாம் சாட்சிக் கூண்டில் ஏறியாக வேண்டும். ரோஜர் ராட்கிளிஃப் 1978-ல் முன்வைத்த மாதிரி அந்த வகையில் ஒரு திருப்பம்: சரியான விடைகளின் வேகம், தவறான விடைகளின் வேகம், இரண்டின் பரவல் ஆகியவற்றை ஒரே கணக்கில் தர வேண்டிய கட்டாயத்தைத் தனக்குத் தானே விதித்துக்கொண்டது.

38 மில்லிநொடி என்ற அளவை எண்ணிப் பார்க்கும்போது கருவிகளைப் பற்றியும் ஒரு சொல் சொல்லத் தோன்றுகிறது. சாதாரணக் கணினித் திரை நொடிக்கு 60 முறை தன்னைப் புதுப்பித்துக்கொள்கிறது. ஒரு முறைக்கு 16.7 மில்லிநொடி. ‘இப்போது காட்டு’ என்று நிரல் சொன்ன கணத்துக்கும் எழுத்து திரையில் தோன்றும் கணத்துக்கும் இடையே அவ்வளவு தாமதம் நேரலாம். விசைப்பலகை தன் பங்குக்குச் சில மில்லிநொடிகளைச் சேர்க்கும். எனவே திரை புதுப்பிக்கும் கணத்தோடு நேரத்தைப் பிணைத்துப் பதிவு செய்ய வேண்டும். எந்தத் திரை, எந்த விசைப்பலகை என்பதையும் எழுதி வைக்க வேண்டும். இது சலிப்பூட்டும் வேலைதான். செய்யாவிட்டால் மனத்தை அளப்பதாக நினைத்துக்கொண்டு திரையை அளந்துகொண்டிருப்போம்.

நேரத்தை அளப்பதோடு நின்றுவிடாத இன்னொரு மரபும் உண்டு. என் மனம் ஒன்றியிருப்பது அதனோடுதான். பிட்ஸ்பர்க் நகரில் நியூவெலும் ஹெர்பர்ட் சைமனும் 1950-களின் பிற்பகுதியிலிருந்து வளர்த்தெடுத்தது அது. ஒரு மாணவரிடம் ஒரு புதிரைக் கொடுத்து, மனத்தில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லச் சொல்லி, ஒலிப்பதிவு செய்து, வரிவரியாக எழுதி, அதே புதிரை விடுவிக்கும் நிரல் போகும் பாதையை அந்த வரிகளுக்குப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார்கள். நிரல் விடையைக் கண்டுபிடிப்பது மட்டும் போதாது. மாணவர் தடுமாறிய இடத்தில் நிரலும் தடுமாற வேண்டும், அவர் திரும்பி வந்த இடத்தில் அதுவும் திரும்பி வர வேண்டும். ஒரு மாதிரியின் முன் வைக்கப்படும் சோதனைகளில் இவ்வளவு கடுமையானது வேறு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

அவர்கள் பயன்படுத்திய புகழ்பெற்ற புதிர் ஒன்றில், டொனால்ட் என்ற பெயரையும் ஜெரால்ட் என்ற பெயரையும் கூட்டினால் ராபர்ட் என்ற பெயர் வரும். ஆங்கில எழுத்து ஒவ்வொன்றும் ஓர் இலக்கம். டொனால்டின் முதல் எழுத்து 5 என்பது மட்டும் தரப்படும். கூட்டப்படும் இரு பெயர்களின் கடைசி எழுத்தும் அதுவே என்பதால் வலக்கோடியில் 5-ம் 5-ம் சேர்ந்து 10. பூஜ்யத்தைப் போட்டு மீதி 1. அதுவரை எல்லோரும் ஒரே பாதையில் வருவார்கள். பிறகு இடமிருந்து இரண்டாவது வரிசை கண்ணில் படும்: ஓ என்ற எழுத்தோடு ஈ என்ற எழுத்தைக் கூட்டினால் மறுபடி ஓ. நான் இந்தப் புதிரைப் பல மாணவர்களிடம் கொடுத்திருக்கிறேன். ஒருவருடைய பதிவு இப்படிப் போகிறது: “ஓவோட ஈயைக் கூட்டினா ஓவே வருது… அப்ப ஈ ஜீரோ. ஜீரோதான். ஆனா… இருங்க. ஜீரோதான் ஏற்கெனவே கடைசியில போட்டாச்சே.” அதற்குப் பிறகு ஒலிநாடாவில் நீண்ட அமைதி, வெளியே வராண்டாவில் யாரோ நாற்காலியை இழுக்கும் ஓசை மட்டும். “…மீதி ஒண்ணு வந்தா? அப்ப ஒம்பது. ஒம்பது ப்ளஸ் ஒண்ணு, பத்து. ஆமா, ஒம்பது.” பூஜ்யம் என்ற தவறான முதல் அடி, பிறகு முரண்பாட்டைக் கண்டுபிடித்தல், பிறகு மீதியை நினைவுக்குக் கொண்டுவருதல். புதிரை விடுவிக்க மட்டும் தெரிந்த நிரல் நேராக ஒன்பதுக்குப் போய்விடும். மனிதரைப் போல விடுவிக்கும் நிரல் பூஜ்யத்தில் கால் வைத்துவிட்டு வர வேண்டும். கடைசியில் 526485-ம் 197485-ம் கூடி 723970 என்று வருவது எல்லோருக்கும் பொது. அங்கிருந்து நாம் எதையும் கற்றுக்கொள்வதில்லை.

வாய்விட்டுச் சொல்வதை நம்பலாமா என்ற ஐயம் நியாயமானது. தங்கள் செயலுக்கு மனிதர்கள் சொல்லும் காரணங்கள் பல நேரங்களில் உண்மையான காரணங்கள் அல்ல என்று ரிச்சர்ட் நிஸ்பெட்டும் திமோதி வில்சனும் 1977-ல் வலுவாக வாதாடினார்கள். ஆண்டர்ஸ் எரிக்சனும் சைமனும் 1980-ல் அதற்கு ஓர் எல்லைக்கோடு வரைந்தார்கள்: காரணம் கேட்காதே, விளக்கம் கேட்காதே, கவனத்தில் அப்போது இருப்பதை மட்டும் ஒலியாக வெளிவிடச் சொல். இந்தக் கோட்டை எழுதுவது எளிது. அறையில் கடைப்பிடிப்பது அரிது. நம் மாணவர்களிடம் “சொல்லுங்கள்” என்றால் அது வாய்மொழித் தேர்வு. முதுகை நிமிர்த்திக்கொண்டு, “முதலில் நாம் என்ன செய்ய வேண்டும் என்றால்” என்று எனக்குப் பாடம் நடத்தத் தொடங்குவார்கள். பாடம் நடத்தும் மனம் புதிரை விடுவிக்கும் மனம் அல்ல. எனவே முதலில் 24-ஐ 36-ஆல் வாய்விட்டுப் பெருக்கச் சொல்வேன். பெற்றோர் வீட்டில் எத்தனை சன்னல்கள் என்று வாய்விட்டு எண்ணச் சொல்வேன். இத்தகைய முன்பயிற்சிகளை எரிக்சனும் சைமனும் பரிந்துரைத்தார்கள். சன்னல் கேள்வி என்றும் பொய்க்காது. கண்ணை மூடிக்கொண்டு, “ஹால்ல ரெண்டு… சமையலறையில ஒண்ணு, இல்ல, அது கதவு…” என்று வீட்டுக்குள் நடந்து போகும்போது தேர்வுக் குரல் உதிர்ந்துவிடும். அந்தக் குரலில்தான் எண்கள் ஆங்கிலத்திலும் தயக்கங்கள் தமிழிலுமாக, அவர்கள் உண்மையில் சிந்திக்கும் விதத்தில் வரும். அதை நல்ல தமிழாகத் திருத்தி எழுதினால் அந்தக் கணமே தரவு கெட்டுவிடும்.

தனி ஒருவரிடமிருந்து சேகரித்த தரவு எவ்வளவு தூரம் போக முடியும் என்பதற்கு அதே நகரத்தில் நடந்த இன்னொரு வேலையைச் சொல்ல வேண்டும். ஸ்டீவ் ஃபலூன் என்ற கல்லூரி மாணவருக்கு நொடிக்கு ஓர் இலக்கம் என்று எண்களைப் படித்துக் காட்டி, அதே வரிசையில் திருப்பிச் சொல்லச் சொன்னார்கள் எரிக்சனும் வில்லியம் சேஸும். சரியாகச் சொன்னால் அடுத்த முறை ஓர் இலக்கம் கூடும்; தவறினால் ஒன்று குறையும். தொடக்கத்தில் எல்லோரையும் போல ஏழு இலக்கம். 230 மணி நேரத்துக்கு மேற்பட்ட பயிற்சிக்குப் பிறகு 79 இலக்கம். 1980-ல் வெளியான அந்த முடிவைப் பார்த்ததும், குறுகியகால நினைவின் கொள்ளளவே பயிற்சியால் விரிந்துவிட்டது என்று ஒரு மாதிரியை எழுதிவிடலாம். வளைவு அதற்கும் பொருந்தும். ஆனால் முயற்சிகளில் பாதிக்கு, முடிந்த உடனே, என்ன நினைத்தார் என்று அவரிடம் கேட்டுப் பதிவு செய்து வைத்திருந்தார்கள். ஃபலூன் ஓட்டப்பந்தய வீரர். 3492 என்ற எண் அவருக்கு 3 நிமிடம் 49.2 நொடி, ஒரு மைல் ஓட்டத்தில் உலகச் சாதனைக்கு அருகிலான நேரம். எண்களை ஓட்ட நேரங்களாக மாற்றி, பிறகு அந்த நேரங்களைத் தொகுதி தொகுதியாக அடுக்கி வைத்துக்கொண்டார்.

இந்த இடத்தில் அவர்கள் நின்றுவிடவில்லை என்பதுதான் முக்கியம். அவர் சொன்னது உண்மையானால் எங்கே தோற்க வேண்டும் என்று கேட்டார்கள். ஓட்ட நேரமாக மாற்ற முடியாத எண்களை வேண்டுமென்றே தொடுத்துக் கொடுத்தபோது அவருடைய திறன் சரிந்தது. எளிதாக மாற்றக்கூடியவற்றைக் கொடுத்தபோது உயர்ந்தது. எண்களுக்குப் பதிலாக எழுத்துகளைக் கொடுத்தபோது 79 இலக்கக்காரர் ஏறக்குறைய ஆறு எழுத்துக்குத் திரும்பினார். கொள்ளளவு விரிந்தது என்ற மாதிரி அந்த ஆறு எழுத்தில் விழுந்தது. ஒரு மாதிரியைச் சரிபார்த்தல் என்று நான் சொல்வது இதைத்தான். சேகரித்த தரவோடு வளைவைப் பொருத்திப் பார்ப்பது சரிபார்த்தலின் முதல் படிகூட ஆகாது. நம் விருப்பப்படி மாற்றிக்கொள்ளக்கூடிய எண்கள், அதாவது அளவுருக்கள், போதிய அளவு கைவசம் இருந்தால் எந்த வளைவையும் பொருத்திவிடலாம். ஒரு கோட்பாடு எந்தத் தரவுக்குப் பொருந்தாமல் போகும் என்று தெரியாதவரை அதன் பொருத்தத்தால் பயனில்லை என்று 2000-ல் சேத் ராபர்ட்ஸும் ஹெரால்ட் பாஷ்லரும் எழுதினார்கள். அந்த ஆண்டு இத்துறைக்கு நல்ல ஆண்டு.

இதுவரை மனத்திலிருந்து வெளியே வரும் தரவைப் பற்றியே பேசினேன். உள்ளே போவதும் தரவுதான். அதைச் சேகரிப்பது இன்னும் கடினம். மறத்தலின் வடிவம் ஏன் அப்படி இருக்கிறது என்று கேட்ட ஜான் ஆண்டர்சனும் லேல் ஸ்கூலரும் 1991-ல் செய்தித்தாள் தலைப்புகள், குழந்தைகளிடம் பெரியவர்கள் பேசிய பேச்சு, ஒருவருக்கு வந்த மின்னஞ்சல்கள் ஆகிய மூன்றையும் எண்ணிப் பார்த்தார்கள். ஒரு சொல்லோ பெயரோ கடைசியாக வந்து எவ்வளவு காலம் ஆகிறதோ அதற்கேற்ப அது மீண்டும் வரும் வாய்ப்பு குறைகிறது. அந்தக் குறைவின் வடிவமும் நம் மறதியின் வடிவமும் ஒத்துப்போகின்றன. உலகம் எதைத் திரும்பக் கேட்குமோ அதையே மனம் கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருக்கிறது என்ற அந்த முடிவை ஆய்வுக்கூடத்துக்குள் மட்டும் உட்கார்ந்திருந்தால் எட்டியிருக்க முடியாது.

குழந்தை மொழி கற்பதில் இது இன்னும் கூர்மையாகிறது. குழந்தை என்ன பேசியது என்று மட்டும் எழுதி வைத்தால், அது எதைக் கேட்டுக் கற்றது என்பது தெரியாமலே மாதிரி எழுத வேண்டியிருக்கும். 1984-ல் பிரையன் மெக்வின்னியும் கேதரின் ஸ்நோவும் தொடங்கிய சைல்ட்ஸ் என்ற உரையாடல் களஞ்சியம் குழந்தை, பெரியவர் இருவரின் பேச்சையும் சேர்த்தே வைத்திருக்கிறது. அதில் தமிழும் உண்டு. டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் டிஃப்ராக் கணினியை உருவாக்கிய குழுவின் தலைவர் ஆர். நரசிம்மன், பிற்காலத்தில் மொழி நடத்தையைக் கணினி மாதிரியாக்குவதில் இறங்கினார். அவர் பெயரிலான தமிழ்த் தொகுப்பில் 9 மாதம் முதல் 33 மாதம் வரையிலான ஒரு குழந்தையும் வீட்டுப் பெரியவர்களும் பேசிக்கொண்டது பதிவாகியிருக்கிறது. நாட்டின் தொடக்ககாலக் கணினிகளில் ஒன்றைக் கட்டியவர், மனத்தைக் கணிக்க வேண்டுமென்றால் ஒரு வீட்டுக்குள் போய்க் குழந்தையோடு நடக்கும் பேச்சைக் கேட்க வேண்டும் என்று உணர்ந்தது எனக்கு மிகப் பெரிய செய்தி. பல ஆண்டுகளாக அந்தத் தொகுப்பை யார் யாரிடமோ சொல்லிக்கொண்டிருக்கிறேன். இன்று வேலை தலையில் பொருத்தும் ஒளிப்படக் கருவிக்கு வந்திருக்கிறது: 2024-ல் பிரெண்டன் லேக்கின் குழு ஒரே குழந்தையின் தலைக் கருவி 6 மாதம் முதல் 25 மாதம் வரை பதிந்த 61 மணி நேரக் காட்சியையும் பேச்சையும் மட்டும் கொண்டு தரவிலிருந்து தானே கற்கும் நிரலான ஒரு நரம்பியல் வலையைப் பயிற்றி, அது பல சொற்களை உரிய பொருள்களோடு இணைக்கக் கற்றதைக் காட்டியது. அந்த 61 மணி நேரம் அக்குழந்தை விழித்திருந்த நேரத்தில் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கு.

இன்னொரு திசையில் அளவு பெருகியிருக்கிறது. 2025-ல் வெளிவந்த சென்டார் என்ற மாதிரி, ஒரு பெரிய மொழி மாதிரியை எடுத்து, 160 உளவியல் சோதனைகளில் 60,000-க்கும் மேற்பட்டோர் செய்த ஒரு கோடிக்கும் மேற்பட்ட தேர்வுகளைக் கொண்டு மறுபயிற்சி தந்து உருவாக்கப்பட்டது. அதுவரை பார்க்காத ஒருவர் அடுத்து எதைத் தேர்ந்தெடுப்பார் என்று கணிப்பதில் அது பழைய மாதிரிகளில் பெரும்பாலானவற்றை வென்றது. இது மனத்தின் மாதிரியா, மனிதர்களின் தேர்வுகளைக் கணிக்கும் கருவியா என்ற விவாதம் நடந்துகொண்டிருக்கிறது. என் வாக்கு இப்போதைக்கு இரண்டாவதற்கே, ஏனென்றால் பூஜ்யத்தில் கால் வைத்துத் திரும்பி வரும் அந்தப் பாதை தேர்வுகளின் பட்டியலில் பதிவாவதில்லை. ஆனால் அந்தத் தரவுத் தொகுப்பைத் திரட்டியவர்களை நான் மனதாரப் பாராட்டுகிறேன். சராசரி அட்டவணைகளை அதில் சேர்க்க முடியாது. ஒவ்வொருவரின் ஒவ்வொரு முயற்சியும் வரிசையாகக் கிடைத்த சோதனைகளுக்கே அதில் இடம். அந்த 160 சோதனைகளைச் செய்தவர்கள் தங்கள் மூலக்கோப்பை அழிக்காமல் விட்டிருக்கிறார்கள்.

எழுத்துக் கணக்குச் சோதனையை நான் மறுபடியும் செய்தேன். இம்முறை பன்னிரண்டே மாணவர்கள். ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு வரி: யார், எந்த நாள், எத்தனையாவது கேள்வி, என்ன கேள்வி, என்ன விடை, சரியா தவறா, எவ்வளவு நேரம், எந்தத் திரை. சில கேள்விகளுக்குப் பிறகு மட்டும், எப்போது வரும் என்று அவர்களுக்குத் தெரியாதபடி, “எண்ணினீர்களா, நினைவுக்கு வந்ததா?” என்று நிரல் கேட்கும். பெயரை நீக்கிவிட்டுக் கோப்பைப் பொதுவில் வைக்க ஒவ்வொருவரிடமும் தொடக்கத்திலேயே எழுத்தில் சம்மதம் வாங்கினேன்; அதைப் பின்னால் கேட்கவே முடியாது என்பது அனுபவத்தில் தெரிந்தது.

அந்தக் கோப்பில் ஒரு மாணவியின் ‘ஞ + 3 = த’ வரிகளை மட்டும் வடிகட்டி அடிக்கடி பார்க்கிறேன். முதல் ஆறு சுற்றுகளிலும் மூன்று நொடிக்கு மேல், ஏறக்குறைய நகராமல். ஏழாவது சுற்றில் ஒரு நொடியைச் சற்றே தாண்டி நிற்கிறது. அன்று நிரல் கேட்டதற்கு அவர் ‘நினைவு’ என்பதை அழுத்தியதோடு நிற்காமல் என் பக்கம் திரும்பி, “எண்ணவே இல்ல மேடம், அதுவா வந்துச்சு” என்றார். எட்டாவதிலும் அப்படியே. ஒன்பதாவதில் மறுபடி மூன்று நொடி. கேட்டதற்கு ‘எண்ணினேன்’ என்று பதிவு. பத்தாவதிலிருந்து கடைசி வரை மீண்டும் ஒரு நொடி. எண்ணுதல் மெல்ல வேகமாகிறது என்ற மாதிரியால் ஏழாவது வரியைத் தர முடியவில்லை. நினைவு ஒரு முறை வென்றால் வென்றதுதான் என்று நான் எழுதிய மாதிரியால் ஒன்பதாவது வரியைத் தர முடியவில்லை. இப்போது அந்த ஒன்பதாவது வரிக்காகத்தான் நிரலைத் திருத்தி எழுதிக்கொண்டிருக்கிறேன்.